பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிக்கலாமா? சேமிக்கும் முன் சரிசெய்ய வேண்டியவை

ஒரு தளத்தில் முதல்முறை நுழைந்ததும் பிரவுசரின் மேல்மூலையில் சின்னப் பெட்டி ஒன்று எட்டிப் பார்க்கும். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்கும். பாதிப் பேர் யோசிக்காமல் "சேவ்" தட்டுகிறார்கள். மீதிப் பேர் பயந்துபோய் "நெவர்" தட்டிவிட்டு, நினைவில் நிற்கும் ஒரே பாஸ்வேர்டை எல்லாத் தளங்களுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து அதிகம் இரண்டாவது கூட்டத்துக்குத்தான்.

எங்கோ ஒரு சின்னத் தளத்தின் தரவு கசிந்தால், அதிலுள்ள மின்னஞ்சல், பாஸ்வேர்டு ஜோடிகளைத் திருடர்கள் தானியங்கி நிரல் மூலம் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். 2012-ல் கோப்புகளைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான டிராப்பாக்ஸில் நடந்தது இதுதான். வேறு தளங்களில் திருடப்பட்ட பாஸ்வேர்டுகளைக் கொண்டு அங்கே சில கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். திருடப்பட்ட பாஸ்வேர்டு ஒன்றின் மூலம் அந்நிறுவன ஊழியர் ஒருவரின் கணக்கும் திறக்கப்பட்டது. ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு வைத்தால் இந்த வித்தை பலிக்காது. ஆனால் நூறு பாஸ்வேர்டுகளை மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. எங்காவது எழுதி வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே நேரடிப் பதில் இது: சொந்தக் கணினி, சொந்த ஃபோன் என்றால் பிரவுசரில் சேமிக்கலாம். அதற்கு முன் இரண்டு பூட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று, அந்தக் கருவிக்குள் நுழையும் பூட்டு. மற்றொன்று, பாஸ்வேர்டுகளை மற்றக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் சிங்க் கணக்கின் பூட்டு. பிரவுசர் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பெட்டகத்துக்கு, ஃபயர்ஃபாக்ஸில் நீங்களாக வைக்கும் பிரைமரி பாஸ்வேர்டைத் தவிர, தனிப் பூட்டு எதுவும் கிடையாது.

பெட்டகம் எப்படிப் பூட்டப்படுகிறது

விண்டோஸில் குரோமும் எட்ஜும் பாஸ்வேர்டுகளை உங்கள் புரொஃபைல் ஃபோல்டருக்குள் ஒரு சின்னத் தரவுத்தளக் கோப்பில் மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, வைக்கின்றன. அதைத் திறக்கும் சாவியை விண்டோஸே உங்கள் லாகினோடு பிணைத்து வைத்திருக்கிறது. நீங்கள் லாகின் செய்துவிட்டால் சாவி தயார். பிரவுசர் கேட்டாலும் கிடைக்கும், உங்கள் பெயரில் ஓடும் இன்னொரு நிரல் கேட்டாலும் கிடைக்கும். பிரச்சினையின் வேர் இதுதான். 2024 ஜூலையில் வந்த குரோம் 127-ல், சாவியைக் குரோம் என்ற நிரலோடு மட்டும் பிணைக்கும் கூடுதல் பாதுகாப்பை கூகுள் முதலில் குக்கிகளுக்கு (லாகின் ஆன நிலையை நினைவில் வைக்கும் சிறு தரவுகளுக்கு) கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே திருட்டு நிரல்கள் அதைச் சுற்றிப்போகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. பயனற்றது என்று சொல்ல முடியாது, திருடனின் வேலை கடினமானது உண்மை. முழு நம்பிக்கை வைக்க மட்டும் அது போதாது.

மேக்கின் சொந்த ரகசியப் பெட்டகமான கீசெயினில் குரோமின் சாவி இருக்கும். லினக்ஸில் க்னோம் கீரிங் அல்லது கேவாலெட் அந்த வேலையைச் செய்யும். இரண்டில் ஒன்றுகூட இல்லாத லினக்ஸ் கணினியில் பெயருக்குத்தான் பூட்டு.

ஃபயர்ஃபாக்ஸ் வேறு மாதிரி. பாஸ்வேர்டுகள் ஒரு கோப்பில், சாவி பக்கத்திலேயே இன்னொரு கோப்பில். பெட்டகத்தைத் திறக்க பிரைமரி பாஸ்வேர்டு என்ற தனிப் பாஸ்வேர்டை வைக்காவிட்டால், இரண்டு கோப்புகளையும் பென்டிரைவில் நகலெடுத்துப் போகிறவர் தன் கணினியில் வைத்துத் திறந்துவிடலாம். உங்கள் விண்டோஸ் லாகின் அவருக்குத் தேவையே இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்கள் 3-ம் படியைத் தவறவே விடக்கூடாது.

இந்த வித்தியாசத்தால் சில சமயம் விசித்திரமான விளைவுகள் வரும். விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துபோய், நிர்வாகி கணக்கிலிருந்தோ வேறு கருவி கொண்டோ அதை வலுக்கட்டாயமாக ரீசெட் செய்தால், குரோமில் சேமித்தவை திறக்காமல் போகும். பழைய லாகினோடு சாவியும் போய்விட்டது என்பதுதான் காரணம். அதேபோல், பழைய வன்தட்டிலிருந்து குரோம் ஃபோல்டரை அப்படியே புதுக் கணினிக்கு நகலெடுத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. ஃபயர்ஃபாக்ஸ் ஃபோல்டரை நகலெடுத்தால் எல்லாமே வரும். வசதியும் அதுதான், ஓட்டையும் அதுதான்.

படி 1: கருவியைப் பூட்டுங்கள்

கணினிக்கு ஒரு பின் எண் (PIN) அல்லது பாஸ்வேர்டு, ஃபோனுக்கு ஆறு இலக்கமாவது உள்ள பின் எண். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். மறந்தாலும் தானாகப் பூட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் என்று வையுங்கள்.

அடுத்து வன்தட்டு மறையாக்கம். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், ஹோம் பதிப்புள்ள பல மடிக்கணினிகளில் "டிவைஸ் என்கிரிப்ஷன்", மேக்கில் ஃபைல்வால்ட். இது இல்லாவிட்டால், மடிக்கணினி திருடுபோனதும் வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டிக் கோப்புகளை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் இயக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று வரும். அதைத் தாளில் அச்சிட்டுக் கணினியிலிருந்து தள்ளி ஓரிடத்தில் வையுங்கள். கணினி அதைக் கேட்கும் நாளில் அது கையில் இல்லாவிட்டால், திருடனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கதவு திறக்காது.

வீட்டில் ஒரே கணினியை நாலு பேர் பயன்படுத்தினால் விண்டோஸிலேயே ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் போடுங்கள். குரோமில் தனித்தனி புரொஃபைல் வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஒரே விண்டோஸ் லாகினுக்குள் இருக்கும் புரொஃபைல்களுக்கு நடுவே சுவர் இல்லை. படத்தைச் சொடுக்கினால் அடுத்தவர் புரொஃபைல் திறந்துவிடும்.

படி 2: சிங்க் கணக்கைப் பூட்டுங்கள்

குரோமுக்கு கூகுள் கணக்கு, எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு, சஃபாரிக்கு ஆப்பிள் கணக்கு, ஃபயர்ஃபாக்ஸுக்கு மொஸில்லா கணக்கு. இந்த ஒரு கணக்கு போனால் மற்ற எல்லாமே போகும். இதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர், பாடல் வரி ஆகியவை ஆகாது.

கூடவே இருபடி சரிபார்ப்பை இயக்குங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது, அதைவிடப் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கருவியின் பூட்டைத் திறந்தே நுழையும் முறை) அல்லது பாதுகாப்புச் சாவி (கணினியில் செருகும் சிறு கருவி) நல்லது. கூகுள் கணக்கில் "பேக்கப் கோட்ஸ்" என்று எட்டு இலக்க எண்கள் பத்து தருவார்கள். ஃபோன் தொலையும் நாளில் உதவுவது அவைதான். அவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். அதே மின்னஞ்சலிலோ அதே ஃபோனிலோ போட்டு வைத்தால் பிரயோஜனமில்லை.

மறந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் சிங்க்கில் சர்வரில் இருப்பதை மொஸில்லாவால்கூடப் படிக்க முடியாது. மீட்புச் சாவி எடுத்து வைக்காமல் கணக்கின் பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் சர்வரில் உள்ள நகல் போய்விடும், கணினியில் உள்ள நகல் மட்டும் மிஞ்சும். குரோமில் சிங்க் பாஸ்ஃபிரேஸ் என்ற விருப்பத்தை இயக்கினால் கூகுளாலும் படிக்க முடியாது. அதை மறந்தாலும் இதே கதைதான்.

படி 3: நிரப்பும் முன் கேட்கச் சொல்லுங்கள்

சேமித்த பாஸ்வேர்டைப் பார்க்க, கண் படத்தைச் சொடுக்கினால் பிரவுசர் கணினியின் பின் எண்ணைக் கேட்கிறது. அதனால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது தளத்தின் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு தானாக நிரம்பிக் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகள்மேல் வலது சொடுக்கு, "இன்ஸ்பெக்ட்". பக்கவாட்டில் நிரல் திறந்து, அந்தப் பெட்டிக்குரிய வரி ஒளிரும். அதில் டைப் என்ற இடத்தில் பாஸ்வேர்டு என்றிருப்பதை அழித்து டெக்ஸ்ட் என்று மாற்றி என்டர் தட்டுங்கள். புள்ளிகள் எழுத்துகளாகிவிடும். பின் எண்ணைக் கேட்கவே இல்லை. பூட்டாத கணினி முன்னால் அரை நிமிடம் உட்கார்ந்தால் யாரும் செய்யக்கூடிய காரியம் இது.

இதைத் தடுக்க, பார்க்கும்போது மட்டுமல்ல, நிரப்பும்போதும் அடையாளம் கேட்க வேண்டும். குரோமில் வலது மேல்மூலையின் மூன்று புள்ளிகள், அதில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர், அதில் செட்டிங்ஸ். பாஸ்வேர்டு நிரப்பும்போது விண்டோஸ் ஹலோவை (பின் எண், முகம் அல்லது விரல்ரேகை கேட்கும் விண்டோஸ் வசதியை) பயன்படுத்தும் விருப்பம் அங்கே இருக்கும். மேக்கில் அதே இடத்தில் திரைப்பூட்டைக் கேட்கும் விருப்பம். இரண்டுமே தானாக இயங்கும் நிலையில் வருவதில்லை, நீங்கள்தான் இயக்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதி, அங்கே பாஸ்வேர்டுகள் பற்றிய இடத்தில் "யூஸ் எ பிரைமரி பாஸ்வேர்டு" என்பதில் டிக் செய்யுங்கள். இதை உள்ளிட்டால் ஃபயர்ஃபாக்ஸை மூடும்வரை பெட்டகம் திறந்தே இருக்கும். நாள் முழுக்க பிரவுசரை மூடாதவர்களுக்கு இது பாதிப் பாதுகாப்புதான், ஆனாலும் நகலெடுக்கப்பட்ட கோப்புகளைக் காப்பது இது ஒன்றே.

படி 4: பழைய பட்டியலைத் துப்புரவு செய்யுங்கள்

கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் "செக்கப்" என்றொரு பொத்தான் இருக்கும். கசிந்தவை, பல தளங்களில் ஒன்றாக இருப்பவை, பலவீனமானவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். பாஸ்வேர்டை அப்படியே அனுப்பியா சோதிக்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. அப்படி இல்லை. உதாரணமாக, கசிந்த தரவுகளைத் தேடிப் பார்க்க டிராய் ஹண்ட் என்ற பாதுகாப்பு நிபுணர் 2013-ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் சேவையில், உங்கள் பாஸ்வேர்டின் எஸ்ஹெச்ஏ-1 ஹாஷின் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறியீட்டின்) முதல் ஐந்து எழுத்துகள் மட்டும் போகும். அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்கள் எல்லாம் திரும்பி வரும். பொருந்துகிறதா என்று பார்ப்பது உங்கள் கணினிதான்.

பட்டியலில் நூறு சிவப்பு எச்சரிக்கை வந்தால் மலைத்துப்போக வேண்டாம். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" இணைப்பு அங்கேதான் வரும். அடுத்து பணம் புழங்கும் கணக்குகள், பிறகு கார்டு விவரம் சேமித்த கடைகள், சமூக ஊடகம். மிச்சத்தை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது மாற்றினால் போதும். இனி போகவே மாட்டோம் என்ற தளங்களில் கணக்கையே நீக்கிவிடுங்கள்.

மாற்றும்போது பிரவுசரையே உருவாக்கச் சொல்லுங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 15 எழுத்து தரும். சஃபாரி ஆறாறு எழுத்தாக மூன்று தொகுதி, நடுவில் இரண்டு கோடு, ஆக 20.

இங்கே சொதப்பும் இடங்கள் உண்டு. தளத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பிரவுசர் கேட்கும் "அப்டேட்" பொத்தானை விட்டுவிட்டால் பெட்டகத்தில் பழையதே இருக்கும். சில தளங்கள் நீளமான பாஸ்வேர்டை ஏற்காது. பிரவுசர் சேமித்திருக்கும், தளம் நிராகரித்திருக்கும். பயனர் பெயர் ஒரு பக்கம், பாஸ்வேர்டு அடுத்த பக்கம் என்று கேட்கும் தளங்களில் சில சமயம் பெயர் காலியாக ஒரு பதிவு உருவாகும். அதனால் மாற்றிய கையோடு, டேபை மூடும் முன், ஒருமுறை லாக்அவுட் செய்து மறுபடி நுழைந்து பாருங்கள். ஒரு நிமிட வேலை, அப்புறம் "ரீசெட்" இணைப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

எதைச் சேமிக்கக் கூடாது

சிங்க் கணக்கின் பாஸ்வேர்டு, கணினியின் பின் எண், பேக்கப் கோட்கள், பிட்லாக்கர் சாவி. பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் நாளைக்கு யார் திறப்பது? வங்கிக் கணக்கு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. கூடுதல் சரிபார்ப்பு உள்ள வங்கியானால் சேமிப்பதில் பெரிய தப்பில்லை, பாஸ்வேர்டு மட்டுமே போதும் என்றிருக்கும் இடத்தில் சேமிக்காமல் இருப்பதே மேல். அலுவலகக் கணினியில் சொந்தக் கணக்குகளைச் சேமிக்க வேண்டாம். அந்தக் கணினியின் நிர்வாகி நீங்கள் இல்லை.

தானாக நிரம்பவில்லையா? நில்லுங்கள்

பிரவுசரில் சேமிப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் பலருக்குத் தெரிவதில்லை. எந்த முகவரியில் சேமித்ததோ அந்த முகவரியில்தான் பிரவுசர் நிரப்பும். ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்ட போலித் தளத்தைப் பார்த்து நம் கண் ஏமாறும், பிரவுசர் ஏமாறாது. எனவே வழக்கமாக நிரம்பும் பக்கத்தில் நிரம்பவில்லை என்றால், உடனே பாஸ்வேர்டைத் தேடி நகலெடுத்து ஒட்டாதீர்கள். மேலே முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தளம் உண்மையிலேயே முகவரி மாற்றியிருக்கலாம். ஆனால் மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வந்த இணைப்பு வழியாக அங்கே போயிருந்தால், பக்கத்தை மூடிவிட்டு உங்கள் புக்மார்க்கிலிருந்து போங்கள்.

திருட்டு நிரல்

இன்றைக்குப் பிரவுசர் பெட்டகத்துக்கு முதல் எதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. இன்ஃபோஸ்டீலர் என்னும் வகை நிரல்கள்தான். ரெட்லைன், லும்மா எல்லாம் இந்த ரகம். ஒருமுறை ஓடினால் சேமித்த பாஸ்வேர்டு, குக்கி, கார்டு விவரம் எல்லாவற்றையும் வாரி அனுப்பிவிடும். குக்கி போவது இன்னும் மோசம். ஏற்கெனவே லாகின் ஆன நிலையே திருடுபோவதால் ஓடிபி கேட்காமலேயே உள்ளே நுழைவார்கள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் லும்மாவின் சுமார் 2,300 டொமைன்களை முடக்கியது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது.

உள்ளே வரும் வழிகள் சில: கிராக் செய்த மென்பொருள், விளையாட்டுகளில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் சீட் நிரல்கள், தேடல் விளம்பரத்தில் வரும் போலி டவுன்லோடு. அண்மைக் காலமாகப் பரவுவது போலி கேப்சா. "நான் ரோபோ இல்லை" என்று ஒரு பெட்டி. சொடுக்கினால், சரிபார்க்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர் என்று வழிகாட்டும். நீங்கள் சொடுக்கிய நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை கிளிப்போர்டில் (நகலெடுத்தவை தற்காலிகமாகத் தங்கும் இடத்தில்) போட்டிருக்கும். ரன் பெட்டியில் அதை ஒட்டி ஓட்டுவது உங்கள் கையேதான். உண்மையான கேப்சா எதுவும் விசைப்பலகைக் கட்டளை கேட்காது.

பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்னும் சிறு நிரல்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன், பக்கத்தில் நிரம்பிய பாஸ்வேர்டையும் படிக்க முடியும். பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள்.

பிறர் கணினியில்

பிரவுசரை கெஸ்ட் மோடில் (எதையும் சேமித்து வைக்காத விருந்தினர் நிலையில்) திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். செய்யவே கூடாதது, அங்கே குரோமில் உங்கள் கூகுள் கணக்கைச் சேர்த்து சிங்க் இயக்குவது. மெயில் பார்க்கத்தான் நுழைந்திருப்பீர்கள், பெட்டகம் முழுக்க அங்கே இறங்கியிருக்கும். அப்படி ஆகிவிட்டால் அந்தக் கணினியில் புரொஃபைலையே நீக்குங்கள். கணினி கையில் இல்லையென்றால், கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் கருவிகள் பட்டியலைத் திறந்து அதை சைன்அவுட் செய்துவிட்டு, முக்கியமான பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

உங்கள் கணினியை அடுத்தவருக்குக் கொடுக்கும்போதும் கெஸ்ட் மோடுதான் கொடுக்க வேண்டும். இன்காக்னிட்டோ (பார்த்த பக்கங்களைப் பதிந்து வைக்காத சாளரம்) போதும் என்று நினைக்காதீர்கள், ஏற்கெனவே சேமித்த பாஸ்வேர்டுகளை அங்கேயும் நிரப்ப முடியும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது

வேறு பிரவுசருக்கோ பிட்வார்டன், கீபாஸ் போன்ற தனி மேனேஜருக்கோ மாறும்போது எல்லாப் பாஸ்வேர்டுகளையும் சிஎஸ்வி கோப்பாக எடுப்பீர்கள். அதை நோட்பேடில் திறந்தால் தள முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் வரிக்கு வரி அப்பட்டமாக இருக்கும். ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேவைக்கு நகலாகும் ஃபோல்டரில் அதைச் சேமிக்காதீர்கள். டெஸ்க்டாப்பே அப்படி நகலாகிக்கொண்டிருக்கலாம். இம்போர்ட் முடிந்ததும் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டெலீட் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நீங்கும். பழைய பிரவுசரில் உள்ள பதிவுகளையும் அழியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்தைக் காக்க வேண்டி வரும்.

தனி மேனேஜர் கட்டாயமா என்றால், ஒரே பிரவுசர், ஓரிரு கருவி வைத்திருப்பவருக்கு அவசியமில்லை. பல பிரவுசர்கள், குடும்பத்தோடு பகிர வேண்டிய கணக்குகள், பெட்டகத்துக்குத் தனி முதன்மைப் பாஸ்வேர்டு என்று வேண்டுபவர்களுக்கு அது நல்லது. ஆனாலும் 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற தனி மேனேஜரைப் பயன்படுத்தியவர்களின் பெட்டக நகல்களே திருடப்பட்டன. முதன்மைப் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்கள்தான் அதில் அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது.

ஏற்கெனவே சிக்கிவிட்டால்

சந்தேகத்துக்குரிய நிரலை ஓட்டிவிட்டதாகத் தோன்றினால் முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். அதே கணினியில் பாஸ்வேர்டு மாற்றுவதுதான் பலரும் பதற்றத்தில் செய்வது. மாற்றியதும் புதியதும் திருடனுக்குப் போய்ச் சேரும். ஃபோன் போன்ற வேறொரு சுத்தமான கருவியில், அதே கணக்கு சிங்க் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, சிங்க் கணக்கையும் மின்னஞ்சலையும் திறந்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன்அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். சைன்அவுட் செய்யாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், திருடுபோன குக்கி சில தளங்களில் தொடர்ந்து வேலை செய்யும். மின்னஞ்சலில் தெரியாத ஃபார்வர்டிங் விதி, தெரியாத மீட்பு எண் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வங்கி, கார்டு. அதன்பின் பெட்டகத்தில் இருந்த மற்றவை, 4-ம் படியில் சொன்ன வரிசையில்.

கணினியை ஆண்டிவைரஸ் ஸ்கேனோடு விட்டுவிடாமல், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பழைய பிரவுசர் புரொஃபைல் ஃபோல்டரையும், டவுன்லோட்ஸில் கிடக்கும் நிறுவல் கோப்புகளையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். புதிதாக நிறுவி முடித்ததும் 1-ம் படியிலிருந்து தொடங்கி, 3-ம் படி வரை முடித்த பிறகே சிங்க் இயக்குங்கள்.